கிராசிங் நோட்டு

அன்பு அமலு,

உன் முப்பதாம் நாள் பூசைக்கு விழுப்புரம் வந்திருந்தேன். கோயில் நிறையக் கூட்டம். உன்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு தலை நரைத்த நாலைந்து பேர் கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் பிரசங்கத்தில் உன்னை "அமைதியே உருவான சகோதரி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த அம்மாள் முதுகைத் தடவிக்கொடுத்தார். அழுகையும் கூடவே வந்துகொண்டிருந்ததால் நானும் மறுக்கவில்லை.

பூசை முடிந்து உன் வீட்டுக்குப் போனோம். ரோஸிதான் சாப்பாடு போட்டாள். உன் மகள் அப்படியே நீதான். போதும் என்று இலைக்கு மேல் கையை நீட்டினால் கைமேலேயே சோற்றைப் போடுகிறவள். கிளம்பும்போது ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"சித்தி, இது உங்களுது. அம்மா பீரோவுல துணிக்கு அடியில வெச்சிக்கினு இருந்தாங்க. தனம் சித்தி என்னைக்காவது கேட்டா குடு, கேக்கலன்னா வுட்டுடுன்னு சொன்னாங்க. நீங்கதான் கேக்கவே இல்லியே. அதான் நானே குடுக்கறேன்."

உள்ளே நம் கிராசிங் நோட்டு இருந்தது. கடைசி நோட்டு. இத்தனை வருடம் புடவைகளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தும் அதன் சுருள் போகவில்லை. மேசைமேல் வைத்தால் இன்னும் தானாகச் சுருண்டுகொள்கிறது.

அதில் இருப்பதைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேரே அங்கே போக எனக்குத் தைரியம் இல்லை. நம் பாசஞ்சர் மாதிரி ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்றுதான் வருவேன். நாலு பேர் படிக்கும்படி எழுதுவதும் அதற்காகத்தான். நாலு பேர் முன்னால் ஆரம்பித்துவிட்டால் பாதியில் இறங்கி ஓட முடியாதல்லவா? உனக்குத் தெரிந்த கதையையே மறுபடி சொல்கிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே. படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் நாம் விழுப்புரத்தில் பி.எஸ்சி. கணக்கு முடித்தோம். நான் திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் வந்தவள். நீ விழுப்புரம் ரயில்வே காலனி. உன் அப்பா ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன், வண்டிகளைத் தடம் மாற்றிவிடுகிறவர். என் அப்பாவுக்குத் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் சொந்த நிலம், மல்லாட்டைப் பயிர், நிலக்கடலையைத்தான் நாம் அப்படிச் சொல்வோம். முதல் வருடமே நீ என் பிறந்த தேதியைக் கேட்டாய். பதினோரு நாள் நீ மூத்தவள் என்று தெரிந்ததும் ஆரம்பித்துவிட்டாய்.

"மரியாதயா அக்கான்னு கூப்புடு."

"பதினோரு நாளுக்கெல்லாம் அக்காவா? போடி."

நீ விடவில்லை. அன்றிலிருந்து நான் உனக்குத் தங்கச்சி. நீ எனக்கு அமலு. பின்னால் உன் பெண் பிறந்து பேச ஆரம்பித்ததும் அவளுக்கும் என்னைச் சித்தி என்று சொல்லிக்கொடுத்துவிட்டாய். என் வாயிலிருந்து மட்டும் அந்த ஒரு வார்த்தையை வாங்க முடியவில்லை உன்னால்.

சென்னையில் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர நுழைவுத் தேர்வு உண்டு என்று தெரிந்தபோது, எனக்கு அதைவிடப் பெரிய தேர்வு வீட்டில் இருந்தது. களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. அப்பா காலால் தள்ளிவிட்டுக்கொண்டே பேசினார்.

"ஒரே ஒரு தபா எழுது. கெடச்சா போய்ப் படி, நான் குறுக்க நிக்கமாட்டேன். கெடைக்கலன்னா வானூர்க்காரங்களுக்கு வார்த்த குடுத்துடுவேன். அப்பறம் அழுதுக்கினு நிக்கக்கூடாது."

வானூர் மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்குக் கணக்கு பிடித்திருந்தது, அவ்வளவுதான். அப்பா சொன்ன சொல் மாறாதவர், இரண்டு பக்கமும். கிடைத்தால் நிச்சயம் அனுப்புவார். கிடைக்காவிட்டால் நிச்சயம் கட்டிவைப்பார். உனக்கு அப்படி இல்லை. இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் எழுதலாம். ஆனால் உன் சம்பளம் வீட்டுக்கு வேண்டியிருந்தது.

வேலை தேடியபோது உனக்குத் திண்டிவனத்தில் ஒரு நர்சரிப் பள்ளியிலும் எனக்கு விழுப்புரத்தில் ஒரு டுடோரியலிலும் கிடைத்தது. கடவுள் கொஞ்சம் யோசித்திருந்தால் இரண்டு பேரையும் சொந்த ஊரிலேயே உட்காரவைத்திருக்கலாம். நான் உன் ஊருக்கும் நீ என் ஊருக்கும் தினமும் போய் வந்தோம். சாயந்திரம் நேரம் ஒத்துவராது. காலையில் மட்டும் நம் வண்டிகள் நடுவழியில் பேரணி என்ற ஊர் ஸ்டேஷனில் சந்தித்துக்கொள்ளும்.

அப்போது ஒற்றைப் பாதை, மீட்டர்கேஜ். எதிரும் புதிருமாக வரும் வண்டிகளில் முதலில் வருவது பக்கத்துத் தடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். அடுத்தது வந்து சேர்ந்த பிறகுதான் கிளம்ப முடியும். அதுதான் கிராசிங். மற்ற பயணிகள் கிராசிங் என்றாலே பேஜாரு என்று புலம்புவார்கள். நாம் இரண்டு பேர் மட்டும் அதற்காகவே காத்திருந்தோம்.

முதலில் எதிர் வண்டி ஜன்னலில் உன்னைப் பார்த்தபோது கையாட்டினேன். மறுநாள் கத்திப் பேசினோம். மூன்றாம் நாள் நீ ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினாய், சுருட்டி, சணல் கயிறு கட்டி.

"பத்து கணக்கு எழுதிக்கிறேன். போட்டுட்டு, எனக்குப் பத்து எழுதிக்கினு வா. நாளைக்கு இங்கயே குடு."

அப்படித்தான் தொடங்கியது. ஒரு நாள் நோட்டு என்னிடம், மறுநாள் உன்னிடம். முன்பக்கத்திலிருந்து நீ போடும் கணக்குகள், பின்பக்கத்திலிருந்து தலைகீழாக நான் போடும் கணக்குகள். என் வண்டியில் பின்னாலிருந்து மூன்றாவது பெட்டியும் உன் வண்டியில் முன்னாலிருந்து நாலாவது பெட்டியும் நேருக்கு நேர் நிற்கும் என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாய். நடுவே ஒரு ஆள் நடக்கும் அளவு இடம். நீயும் நானும் கையை நீட்டினால் நோட்டு எட்டும். எட்டாத நாளில் வேகவைத்த மல்லாட்டை விற்கும் குப்பம்மா வாங்கிக் கொடுப்பார்.

"இன்னாம்மா இது, தெனம் காயிதம் குடுத்துக்கினு வாங்கிக்கினு? புருசன் பொண்டாட்டி கூட இவ்ளோ எழுதிக்கமாட்டாங்க. ஜல்தியா புடி, வண்டி எடுத்துடப் போறான்."

என்னிடம் கைக்கடிகாரம் இல்லை, உன்னிடமும் இல்லை. ஸ்டேஷன்தான் நமக்கு நேரம். திண்டிவனத்தில் ஆரம்பித்தால் மயிலம் வருவதற்குள் மூன்று கணக்கு. பேரணியில் உன்னிடம் வாங்கினால் விக்கிரவாண்டிக்குள் இரண்டு, முண்டியம்பாக்கத்துக்குள் இரண்டு. வண்டி ஆட்டத்தில் என் எழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும். "இது ஏழா ஒண்ணா?" என்று சிவப்பு மையில் கேட்டு வைப்பாய். உன் எழுத்து மட்டும் எப்படி அந்த ஆட்டத்திலும் அச்சடித்தது போல இருந்தது? கடைசிவரை கேட்காமலே விட்டுவிட்டேன்.

இரண்டு சட்டம் போட்டிருந்தாய். ஒன்று, பத்து முடியாவிட்டால் இரண்டு, இரண்டும் முடியாவிட்டால் வெறும் நோட்டாவது வர வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் மூன்று நடை வெறும் நோட்டைத்தான் நீட்டினேன். நீ திட்டவில்லை. வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் பத்துக்குப் பதில் பன்னிரண்டு எழுதிக் கொடுத்தாய். இரண்டாவது சட்டம்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். புதுக் கணக்கோ பழைய வினாத்தாளோ, ஒருத்திக்கு எது கிடைத்தாலும் அடுத்த கிராசிங்கில் கை மாற வேண்டும். கையில் வைத்துக்கொள்ளக் கூடாது.

வண்டி கிளம்பும் நேரம் உனக்கு முதலில் தெரிந்துவிடும், ரயில்வேக்காரர் மகள் அல்லவா? கைகாட்டி இறங்கியதும் ஜன்னல் பலகையில் இரண்டு தட்டு தட்டுவாய். டக், டக். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"லைன் கிளியர். உனுக்கு முன்னாடி ரோடு காலியா கீது, தைரியமா போன்னு அர்த்தம். எங்கப்பா தூக்கத்துல கூட அதத்தான் சொல்லிக்கினு இருப்பாரு."

அந்த இரண்டு தட்டு கேட்காமல் நான் அந்த வருடம் ஒரு நாளையும் ஆரம்பித்ததில்லை.

அமலு, இனிமேல்தான் எனக்கு எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை மாலை டுடோரியலில் என்னோடு வேலை செய்த ஒருவர், தன் அண்ணன் எழுதிய பழைய நுழைவுத் தேர்வு வினாத்தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஊதா மையில் மங்கிப்போன தாள். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் நாம் போட்டுப் பழகிய மாதிரிதான் இருந்தது, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒரு கணக்கு நம் ஒன்பது நோட்டிலும் வராத வகை. நோட்டு அன்று என்னிடம் இருந்தது. பின்பக்கத்தில் அதைப் போட்டுப் பார்த்தேன். முதலில் வரவில்லை, இரண்டாம் தடவை வந்தது.

மறுநாள் காலையில் நோட்டை உனக்குக் கொடுக்க வேண்டும். சட்டப்படி அந்தக் கணக்கும் உனக்கு வர வேண்டும். நான் உட்கார்ந்து யோசித்தேன். இருக்கும் இடங்களோ கொஞ்சம். நீ என்னைவிடக் கெட்டிக்காரி. நீ அடுத்த வருடமும் எழுதலாம், எனக்கு இது ஒன்றுதான். வானூரிலிருந்து அந்த வாரம் ஆள் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்தேன். சத்தம் வராமல், மெதுவாக. வினாத்தாளோடு மடித்து ஜாக்கெட் துணிகளுக்குள் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பேரணியில் நோட்டை நீட்டினேன். நீ வாங்கிக்கொண்டு, "இன்னாடி மூஞ்சி வாடிக்கீது? பயமா?" என்றாய். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

சனிக்கிழமை நீ நோட்டைத் திருப்பித் தர வேண்டிய நாள். தேர்வுக்கு முன் கடைசி கிராசிங். என் வண்டி பேரணியில் நுழைந்தபோது நடுத் தடத்தில் ஒரு கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. நீண்ட கூட்ஸ். உன் வண்டி அதற்கு அந்தப் பக்கம். குப்பம்மாவையும் காணவில்லை. இரண்டு வேகன்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் நீ கதவருகே நிற்பது தெரிந்தது. கையில் சுருட்டிய நோட்டு. அதை ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினாய். எந்த எஞ்சினோ ஊதிக்கொண்டே இருந்தது. எனக்குக் கடைசி எழுத்து மட்டும்தான் காதில் விழுந்தது, ஏதோ "ஸ்" என்று. ஆல் தி பெஸ்ட் சொல்கிறாய் என்று நினைத்தேன். நானும் "ஆல் தி பெஸ்ட்" என்று கத்தினேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். மறுபடியும் கத்தினாய். அதற்குள் என் வண்டி நகர்ந்துவிட்டது. நீ ஏன் தலையில் அடித்துக்கொண்டாய் என்று வழியெல்லாம் யோசித்தேன். நோட்டைக் கொடுக்க முடியாத எரிச்சல் என்று வைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே நீ சென்னையில் உன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாய். நான் ஞாயிறு விடியலில் அப்பாவோடு பஸ்ஸில் கிளம்பினேன். வழியில் பஸ் டயர் பஞ்சராகி, ஹாலுக்குள் நுழையும்போது மணி அடித்துக்கொண்டிருந்தது. நீ எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தாய். பேச நேரமில்லை. திரும்பிப் பார்த்துத் தலையாட்டினேன். நீ மூன்று விரலைக் காட்டினாய். எனக்குப் புரியவில்லை. மூன்று மணி நேரம் இருக்கிறது, பதறாதே என்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

விடைத்தாள் கைக்கு வந்ததும் முன்பக்கம் பதிவு எண்ணை எழுதினேன். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு, தலைகீழாக்கி, கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன். தவறு செய்கிறோம் என்ற நினைப்பே இல்லை. பத்து மாதம் அப்படி எழுதிப் பழகிய கை, கேட்காமலே போய் அங்கே நின்றுவிட்டது. நாலு கணக்கு மளமளவென்று முடிந்தது. அப்போதுதான் கண்ணாடி போட்ட மேற்பார்வையாளர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா இது? பின்னாலேருந்து தலைகீழா எழுதியிருக்கே? திருத்தறவங்க இதைப் பார்ப்பாங்களான்னே தெரியாது. வேற தாள் தர்றேன். முதல்லேருந்து எழுது."

புதுத் தாள் வந்தது. அதில் பதிவு எண்ணுக்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பா வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. வானூர் தெரிந்தது. எழுதிய நாலு கணக்கும் மறந்துபோனது போல இருந்தது. கண்ணீர் தாளில் விழுந்து எண் கலங்கியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், அமலு. எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

பின்னாலிருந்து மேசையில் இரண்டு தட்டு கேட்டது. டக், டக்.

"யாரது தட்டறது?" என்றார் மேற்பார்வையாளர்.

"பேனா எழுதல மேடம். தட்டிப் பார்த்தேன்" என்றாய் நீ, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

நான் திரும்பவில்லை. பேனாவை எடுத்தேன். நாலு கணக்கையும் பழைய தாளைப் பார்த்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பிறகு மற்றவை. ஏழாவது கேள்வியாக நான் கிழித்து வைத்த அதே கணக்கு, எண்களை மட்டும் மாற்றி வந்திருந்தது. மனப்பாடமாக இருந்ததால் யோசிக்காமலே எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

வெளியே வந்ததும் நீ ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"நல்லா எழுதினியா தங்கச்சி?"

"எழுதினேன். நீ?"

"ஏதோ எழுதிக்கிறேன். அந்த ஏழாவது?"

"போட்டுட்டேன்" என்றேன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. நீ கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாய். பிறகு, "சரி வா, எதுனா துன்னலாம், பசிக்குது" என்று இழுத்துக்கொண்டு போனாய். நோட்டு எங்கே என்று கேட்டதற்கு, "வூட்ல கீது. இனி அது இன்னாத்துக்கு?" என்றாய். அதற்குப் பிறகு நான் அதைக் கேட்கவில்லை.

பட்டியலில் என் பெயர் வந்தது. உன் பெயர் வரவில்லை. அப்பா சொன்ன சொல்படி என்னைக் கொண்டுபோய் விடுதியில் சேர்த்தார். வானூர்க்காரர்களுக்கு அவரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், அதையும் சொல்ல வேண்டும். நீ என்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்தாய், ஒரு மூட்டை மல்லாட்டையோடு. திண்டிவனத்துக்காரிக்கு விழுப்புரத்திலிருந்து மல்லாட்டை கொண்டுவந்தவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

அந்த ஒரு வருடம் நீ தனியாகப் படித்தாய். எதிர் வண்டியில் யாருமில்லாமல் அதே ரயிலில் போய் வந்தாய். மறுவருடம் தேர்வு எழுதி இடம் வாங்கி என் விடுதிக்கே வந்து, பெட்டியைக் கீழே வைத்து, "சீனியர் மேடம், வணக்கம்" என்று குனிந்தாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் குனிந்து உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். அந்த ஏழாவது கணக்கு உன் கைக்கு வந்திருந்தால் நீ என்னோடு சேர்ந்தே வந்திருப்பாய். உன் ஒரு வருடத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்று அன்று நினைத்தேன். அன்றிலிருந்து சென்ற மாதம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். ரோஸியின் கல்யாணத்தில், நீ ரிடையர் ஆன அன்று, ஆஸ்பத்திரியில். ஒவ்வொரு தடவையும் நீ ஏதாவது கேலி பேசிச் சிரிக்க வைத்துவிடுவாய். நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

பூசை முடிந்து திரும்பும்போது ரயிலில்தான் நோட்டை அவிழ்த்தேன். இப்போது அங்கே இரட்டைப் பாதை. போகிற வண்டி ஒன்றில், வருகிற வண்டி ஒன்றில். பேரணியில் கிராசிங் எல்லாம் கிடையாது, நான் வந்த வண்டி அங்கே நிற்கவும் இல்லை. முன்பக்கம் புரட்டியதும் உன் தாள் ஒன்று கழன்று என் மடியில் விழுந்தது. ஏன் கழன்றது என்று ஒரு நிமிஷம் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. நடுவில் கம்பிப் பின் அடித்த நோட்டு. பின்பக்கம் நான் ஒரு தாளைக் கிழித்தால், அதோடு சேர்ந்த முன்பக்கத் தாள் பிடிமானமில்லாமல் போகும். என் கணக்கைக் கிழித்த அன்றே உன் பக்கம் கழன்றுவிட்டது. கணக்கில் எம்.எஸ்சி. படிக்கப் போனவளுக்கு இது தோன்றவில்லை.

உனக்குத் தோன்றியிருக்கிறது. பின்பக்கம் திருப்பினேன். கிழித்த தாளுக்கு அடுத்த தாளில், என் பால்பாயிண்ட் அழுத்திய தடத்தின்மேல் மெல்லப் பென்சில் தேய்த்திருக்கிறாய். நான் ஒளித்து வைத்த கணக்கு வரிக்கு வரி வெள்ளையாகத் தெரிகிறது. மூன்றாவது வரியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அதன் கீழே அச்சடித்த மாதிரி உன் எழுத்து:

"தங்கச்சி, நல்ல கணக்கு. ஆனா மூணாவது வரியில மைனஸ் எங்க போச்சு? ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணு."

அதற்கும் கீழே முழுக் கணக்கையும் நீயே சரியாகப் போட்டிருக்கிறாய். எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கிழித்தாய் என்று கேட்கவில்லை.

கூட்ஸ் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று நீ கத்தியது ஆல் தி பெஸ்ட் இல்லை. மைனஸ். ஹாலில் காட்டிய மூன்று விரல் மூன்று மணி நேரமில்லை, மூன்றாவது வரி. நான் ஏழாவது கேள்விக்கு மைனஸ் இல்லாமல்தான் எழுதிவிட்டு வந்தேன், அமலு. உன்னிடமிருந்து ஒளித்த ஒரே கணக்கை நான் தப்பாகப் போட்டேன். நீ அதைச் சரியாகப் போட்டிருப்பாய். பின் எதில் உனக்கு மார்க் குறைந்தது? என்னை எது காப்பாற்றியது? அப்போதெல்லாம் மார்க் விவரம் யாருக்கும் தரமாட்டார்கள். இனி யாரைக் கேட்பேன்?

அதுகூடப் போகட்டும். வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் உன்னை ஏமாற்றியது தெரிந்தே, சனிக்கிழமை கதவில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாய். தெரிந்தே, ஞாயிற்றுக்கிழமை நான் பேனாவைக் கீழே வைத்தபோது பின்னாலிருந்து எனக்கு லைன் கிளியர் கொடுத்தாய். ரயிலில் பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "என்னாச்சு ஆன்ட்டி?" என்று கேட்டாள். என்ன சொல்ல? ஒரு மைனஸை விட்டுவிட்டேன் என்றேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நீ அதை அன்றே செய்துவிட்டாய் என்று தெரிந்தாலும் கேட்கிறேன். கேட்காமல் விட்டது என் தப்பு. நான் கேட்டால் கொடு என்று ரோஸியிடம் சொல்லிவைத்துவிட்டு நீ காத்திருந்தாயே, அதை நினைத்தால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கழன்ற உன் தாளை ஊசி நூல் கொண்டு மறுபடி சேர்த்துத் தைத்துவிட்டேன். பின்பக்கத்தில், உன் சிவப்பு எழுத்துக்கு அடுத்த பக்கத்தில், அந்தக் கணக்கை முதலிலிருந்து போட்டேன். தலைகீழாகத்தான். மூன்றாவது வரியில் மைனஸ் இருக்கிறது. ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்த்தேன், நீ நம்பமாட்டாய் என்று.

வரும் கல்லறைத் திருநாளன்று விழுப்புரம் வருவேன். ரோஸி மெழுகுவத்தி ஏற்றட்டும். நான் நோட்டைச் சுருட்டி, சணல் கயிறு கட்டி, உன்னிடம் கொண்டுவந்து கொடுப்பேன். இந்த முறை உன் முறை, நீதான் வாங்க வேண்டும். கிளம்புவதற்கு முன் உன் கல்லில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் வருவேன். உனக்கு முன்னால் பாதை காலியாக இருக்கிறது, தைரியமாகப் போ, அக்கா.

இப்படிக்கு,
உன்னைவிடப் பதினோரு நாள் சின்னவளான
உன் தங்கச்சி
தனம்